மூன்று தட்டினால் காலை எடுக்காதே

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. வெள்ளை உடை, கொலுசுச் சத்தம், தானாகத் திறக்கும் கதவு என்று அதே மூன்று சாமான்களை வைத்துக்கொண்டு காலமெல்லாம் கடை நடத்துகிறார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. கேட்டேன். அவ்வளவுதான்.

என் வேலை ட்ரெய்லர் விளக்குகள். கன்டெய்னர் ஏற்றிப் போகிற நீளமான ட்ரெய்லர்களின் பின்னால் சிவப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் இருக்கும் அல்லவா, அவற்றில் கோளாறு வந்தால் கண்டுபிடிக்க வேண்டும். சரிசெய்ய வேண்டும். என்ன கோளாறு, எங்கே இருந்தது, எப்படித் தெரிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாமல் வண்டி யார்டை, அதாவது வண்டிகள் நிற்கும் மைதானத்தை, விட்டுப் போகக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர்கள் யார்டுப் பக்கம் வந்ததில்லை.

இந்த வேலையை நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து செய்துகொண்டிருந்தோம். நான் கேபினில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன். அவர் பின்னால் நின்று பார்ப்பார். நடுவில் நாற்பது அடி இரும்பு. மற்ற எலெக்ட்ரீஷியன்கள் “எரியுதா, எரியுதா” என்று ஊரைக் கூட்டுவார்கள். அவருக்குக் கத்துவது பிடிக்காது. “தொண்டை என்ன வாடகைக்கா எடுத்தது” என்பார். அதனால் ஸ்பேனரால் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் எரிகிறது. இரண்டு என்றால் எரியவில்லை. மூன்று என்றால், காலை எடுக்காதே, மிதித்துக்கொண்டே இரு. அந்தச் சத்தம் இரும்பு வழியாக வந்து என் இருக்கைக்கு அடியில் கேட்கும். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை. உடனே யாரும் உருக வேண்டாம். எங்கள் சண்டைகளில் பாதி அந்த இரண்டு தட்டில்தான் ஆரம்பிக்கும்.

அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ட்ரெய்லர் நின்றது. பின்விளக்கில் ஏதோ தொந்தரவு என்று சாயங்காலம் கூப்பிட்டார்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அவர் தனியாகப் போனார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி வந்து மோதியது. அந்த ட்ரெய்லரின் கம்பெனி ஒரு காகிதம் எழுதியது. ‘விபத்துக்குப்பின் சோதித்ததில் பின்விளக்குகள் அனைத்தும் நன்றாக எரிந்தன. எலெக்ட்ரீஷியன் கவனக்குறைவாக நின்றிருந்தார்.’ கீழே மேனேஜரின் கையெழுத்து, அவருடைய வயிற்றைப் போலவே அகலமாக.

விளக்கு எரிகிற நாற்பது அடி ட்ரெய்லரை எந்த லாரிக்காரன் வந்து இடிப்பான்? அந்த வண்டியைக் காட்டுங்கள், நான் சோதிக்கிறேன் என்று கேட்டேன். “இரும்புக்கடைக்குப் போட்டாச்சும்மா” என்றார்கள். அத்துடன் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் “கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் மாமியாரே “அவன் சின்னதுல இருந்தே அவசரக்காரன்” என்று சொல்ல ஆரம்பித்தார். பெற்றவளையே நம்பவைத்த காகிதம் அது.

நான் சொல்ல வந்த அந்த மாலை, மழை. ஆறு மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. அதே கம்பெனியின் ட்ரெய்லர் ஒன்று ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றது. புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஓட்டிவந்தவரை யார்டில் எல்லோரும் ‘ஒட்டகம்’ என்பார்கள். அவ்வளவு உயரம், அதே நடை.

“அக்கா, இந்த வண்டி ஒரு மாதிரி இருக்கு” என்றார். “டிராஃபிக் ஜாம்ல ரொம்ப நேரம் பிரேக்க மிதிச்சுக்கிட்டு நின்னா பின்னாடி நிக்கிறவன் திட்டுறான். லைட்டப் போடுடாங்கிறான். இறங்கிப் போய்ப் பார்த்தா நல்லாத்தான் எரியுது.”

“எத்தனை தடவை?”

“நேத்துதான் முதல் ட்ரிப். அதுக்குள்ள மூணு பேர் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

மேனேஜர் போனில் வேறு மாதிரிச் சொன்னார். “அதெல்லாம் புது வண்டி மாதிரிம்மா. குறை இல்லன்னு எழுதி வையுங்க. ஏழரைக்கு மலை ரோட்டுல ஏறியாகணும். நான் வந்து வாங்கிக்கிறேன்.”

என் கொழுந்தன்தான் இப்போது என்னுடன் வேலை செய்கிறான். வேலை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தேநீர்க்கடைக்குப் போய் வருவதுதான் அவனுடைய தொழில். நடுநடுவே ட்ரெய்லரும் பார்ப்பான். இஞ்சினை ஓடவிட்டு பிரேக்குக்குக் காற்று ஏற்றினேன். பிறகு நிறுத்திவிட்டு மிதித்தேன்.

“எரியுது அண்ணி” என்று கத்தினான். நான் முழுதாக மிதிக்கக்கூட இல்லை.

“பார்த்துட்டுச் சொல்லுடா.”

“பார்த்துட்டேன். கல்யாண வீடு மாதிரி ஜெகஜோதியா இருக்கு. எழுதிக் குடுத்துட்டுக் கிளம்புங்க.”

மீட்டர் வைத்துப் பார்த்தேன். இருபத்து நாலு வோல்ட், அப்படியே இருந்தது. இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது இவ்வளவுதான். மிதி, பார், விடு, எழுது. இரண்டு விநாடி எரிந்த விளக்கைப் பார்த்துவிட்டு அது இரவெல்லாம் எரியும் என்று கையெழுத்துப் போடுவார்கள். எனக்குக் கை வரவில்லை. மூன்று பேர் சும்மா திட்டியிருக்க மாட்டார்கள்.

“நீங்க ஆராய்ச்சி பண்ணுங்க, நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்” என்று கொழுந்தன் குடையை எடுத்துக்கொண்டு போனான். ஒட்டகமும் அவனுடன் போனார். யார்டு கேட் வரை அவர்கள் பேசிக்கொண்டு போனது கேட்டது. பிறகு மழை மட்டும்.

6.40. நான் கேபினில் ஏறி உட்கார்ந்தேன். ஆள் இல்லாவிட்டால் இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்ப் பார்ப்போம். கட்டையைக் குனிந்து எடுப்பதற்கு முன் காலால் ஒரு முறை மிதித்தேன். காற்று ‘உஸ்’ என்றது.

டங்.

ஒரு தட்டு.

கொழுந்தன் திரும்பி வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். டீக்கடையில் அதிசயமாகக் கூட்டம் இருந்திருக்கும். ‘எரிகிறது’ என்கிறான். சரி என்று காலை எடுக்கப் போனேன்.

டங். டங். டங்.

காலை எடுக்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கம். மூன்று கேட்டால் என் கால் என்னைக் கேட்காமலே நிற்கும்.

அப்படியே மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கால் மரத்துப் போனது. அப்போதுதான் தோன்றியது...

கொழுந்தனுக்கு அந்தப் பாஷை தெரியாது.

அவனுக்குச் சொல்லிக் கொடுக்க நான் முயன்றதே இல்லை. அவன் கத்துகிற சாதி. சட்டத்தில் தட்டினால் என்ன பொருள் என்று உலகத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். ட்ரெய்லரின் பின்பக்கத்துக்கு எதிரே ஷெட்டின் சுவர். அதில் விளக்கின் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது. யாராவது விளக்குக்கு முன்னால் நின்றால் அதில் நிழல் விழ வேண்டும்.

நிழல் இல்லை.

கண்ணாடியில் மழைத்துளி வேறு. ஒரு மண்ணும் சரியாகத் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குளிரில் இரும்பு சுருங்கும், சத்தம் வரும். தகரத்தில் மழை பெய்தால் என்னென்னவோ கேட்கும். புத்தி இருக்கிறவள் இப்படித்தான் யோசிப்பாள். புத்தி கெட்டவர்கள்தான் உடனே பேய் என்பார்கள். ஆனால் காலை மட்டும் எடுக்கவில்லை.

6.47. போன் அடித்தது. கொழுந்தன்.

“அண்ணி, மழை ஊத்துது. நாங்க இன்னும் கடையிலதான் இருக்கோம். உங்களுக்கு டீ வாங்கிட்டு வரவா?”

பெடலை இன்னும் அழுத்தி மிதித்தேன்.

“அண்ணி?”

டங். டங். டங்.

“யாரு அங்க தட்டுறது?” என்றான். “ஆள் யாராச்சும் வந்திருக்காங்களா?”

அவனுக்கும் கேட்டிருக்கிறது.

போனை வைத்தேன். பயந்தேன் என்று எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் பயந்தேன். கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுவரில் சிவப்பு. நிழல் இல்லை. சிவப்பு. நிழல் இல்லை.

6.50.

சிவப்பு மங்கியது.

மெல்ல... யாரோ உள்ளே இழுப்பது போல...

அணைந்தது.

டங். டங்.

இரண்டு.

எரியவில்லை.

கட்டையை எடுத்துப் பெடலில் முட்டுக் கொடுத்தேன். இறங்கினேன்.

ட்ரெய்லர் ஓரமாக நடந்தேன். நாற்பது அடி. டார்ச்சை அடித்துக்கொண்டே போனேன். சக்கரங்களுக்கு நடுவே பார்த்தேன். அடியில் பார்த்தேன். தண்ணீர் தேங்கியிருந்தது. ஓரத்துச் சேற்றில் காலடித் தடம் எதுவும் இல்லை.

பின்பக்கம் வந்தேன்.

முழு இருட்டு. ஒரு விளக்குகூட இல்லை.

வலப்பக்கச் சட்டத்தின் மேல் கை வைத்தேன். மழையில் நனைந்த இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. நகர்த்திக்கொண்டே வந்தேன்.

ஓர் இடத்தில் மட்டும்...

சூடு.

உள்ளங்கை அகலத்துக்கு. அதற்கு அப்பால் மறுபடி ஐஸ்.

கையை எடுத்தேன். ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். நின்றேன். இரும்பு ஆறட்டும் என்று காத்திருந்தேனா, ஓட முடியாமல் நின்றேனா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

6.58. விளக்குகள் தாமாக எரிந்தன.

டங்.

எனக்கு எதிரே. கைக்கெட்டும் தூரத்தில்.

அங்கே யாரும் இல்லை.

ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திக்கொண்டு என்ன செய்தேன் தெரியுமா? ரிப்போர்ட் எழுதினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு. விளக்குக்கு மின்சாரம் போக ஒரு வழி வேண்டும், திரும்பிவர ஒரு வழி வேண்டும். திரும்பிவரும் வழியை எர்த் என்போம். சட்டத்துக்குள் எங்கோ எர்த் வயரின் ஒட்டு கெட்டிருக்கிறது. மிதித்த உடனே எரியும். பத்து நிமிடம் மிதித்தால் ஒட்டு சூடாகி விலகும், எல்லாம் அணையும். காலை எடுத்து ஆறவிட்டால் மறுபடி ஒழுங்காக எரியும். எவன் வந்து சோதித்தாலும் ‘நன்றாக எரிந்தன’ என்றுதான் எழுதுவான்.

இதை எழுதும்போது என் பேனா நின்றது. இரும்புக்கடைக்குப் போன அந்த வண்டியிலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். அந்த வண்டியை நான் சோதிக்க வழியில்லை. இந்த வண்டியைப் போகவிடாமல் இருக்க வழி உண்டு. கோளாறு உண்டு, வெளியே அனுப்பக் கூடாது என்று எழுதினேன். எப்படித் தெரிந்தது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு எழுதிவிட்டேன்.

ஏழே காலுக்கு மேனேஜர் வந்தார். கொழுந்தனும் ஒட்டகமும் அவர் பின்னாலேயே நனைந்துகொண்டு வந்தார்கள். குடை அவரிடம் இருந்தது. ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார்.

“‘எலெக்ட்ரீஷியன் சொன்னார்.’ எந்த எலெக்ட்ரீஷியன்மா? இங்க எலெக்ட்ரீஷியன் நீதானே.”

அவர் கேபினில் ஏறி ஒரு தடவை மிதித்தார். சுவரில் சிவப்பு பளிச்சென்று விழுந்தது. இறங்கி வந்தார்.

“எரியுது. பார்த்தீங்களாப்பா எல்லாரும்? வீட்டுக்காரர் போனதுல இருந்து இந்தம்மாவுக்கு உலகமே அணைஞ்சுதான் தெரியுது. என்ன பண்றது.”

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

“பத்து நிமிஷம் மிதிச்சுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்” என்றேன்.

“பத்து நிமிஷம் யாரும்மா பிரேக்க மிதிப்பான்?”

“மலை இறங்குறவன் மிதிப்பான் சார்” என்றார் ஒட்டகம். “நான் உட்கார்றேன். அணையலன்னா கிளம்பிடறேன். அணைஞ்சா வண்டிய எடுக்க மாட்டேன்.”

“எடுக்க மாட்டியா? வேற ஆள் கிடைக்காதா எனக்கு?”

“கிடைப்பான் சார். நல்ல ஆளாப் பாருங்க. குடும்பம் இல்லாதவனா.”

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து மிதித்தார். மேனேஜர் பின்பக்கம் போய் நின்றார். சட்டத்தின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகப் பேச ஆரம்பித்தார். “இங்க ஒரு பொம்பள எலெக்ட்ரீஷியன், ரிப்போர்ட்ல கதை எழுதுறா” என்று சிரித்தார். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். இந்த மாதிரி ஆட்கள் சாகும்வரை இப்படியே இருப்பார்கள்.

7.20. 7.25.

7.28.

விளக்கு மங்கியது.

அவர் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

அணைந்தது.

மேனேஜர் கையை வெடுக்கென்று எடுத்தார், அடுப்பைத் தொட்டவர் போல. குடை விழுந்தது. போன் தண்ணீரில் விழுந்தது. நான் இரண்டு தட்டையும் கேட்டேன். அவர் காதால் மட்டும் கேட்கவில்லை, கையிலும் வாங்கியிருந்தார்.

“யாரு...” என்றார். குனிந்து அடியில் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பத்தடி தள்ளி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். கொழுந்தன் என் பக்கத்தில். ஒட்டகம் கேபினில்.

“கைக்குள்ள வந்து இடிச்சுது” என்றார் மெதுவாக. “இரும்புக்குள்ள இருந்து...”

எனக்கு இரக்கம் வரவில்லை. அதற்கும் அவர்தான் காரணம்.

“வண்டி போகாது” என்று சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

ஒட்டகம் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. “அக்கா, நடுவுல கால் வலிச்சுதுன்னு எடுக்கப் பார்த்தேன். சீட்டுக்கு அடியில டங் டங் டங்னு மூணு தடவ கேட்டுச்சு. எதுக்குன்னு தெரியல. ஆனா எடுக்கத் தோணல.”

கீழே கிடந்த குடையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பண்பான மனிதர்.

மறுநாள் வெளிச்சத்தில் வெல்டர் வந்து சட்டத்தை அறுத்தார். அந்தச் சட்டம் நான்கு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டி மாதிரி. இரண்டு முனையும் வெல்டிங் வைத்து அடைத்தது. வயர் போக விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே போக வேறு வழி இல்லை. நான் சூடு கண்ட இடத்தில் அறுத்தோம். எர்த் வயரின் இரண்டு முனைகளைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். டேப் கருகியிருந்தது. நான் எழுதியதுபோலவே.

வெல்டர் என்னை நேராகப் பார்க்காமல் பேசினார். “உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. இது புது வண்டி இல்ல. முன்பாதிதான் புதுசு. பின்பாதி பழைய வண்டில இருந்து வெட்டி, நசுங்கினத நிமிர்த்தி ஒட்டினது. நான்தான் ஒட்டினேன். உங்க வீட்டுக்காரர்... அந்த வண்டிதான். இரும்புக்கடைக்குப் போகவே இல்ல.”

நான் அங்கேயே டயர் மேல் உட்கார்ந்தேன்.

“அது மட்டும் இல்லம்மா” என்றார். “இங்க வந்து பாருங்க.”

ஒட்டு இருந்த இடத்தைச் சுற்றி, சட்டத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்னப் புடைப்புகள். அவற்றின் மேல் மட்டும் புதுப் பெயின்ட் வெடித்திருந்தது.

“பெயின்டும் நான்தான் அடிச்சேன். போன வாரம். அப்ப இது வழவழன்னு இருந்துச்சு. வெளியே இருந்து அடிச்சா உள்ள போகும். இது வெளியே வந்திருக்கு.”

அறுத்த துண்டைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுதும் பழைய துரு, கறுப்பாக. அந்தத் துருவின் நடுவே, ஒவ்வொரு புடைப்புக்கும் நேர் பின்னால் ஒரு குழி. குழிக்குள் மட்டும் துரு இல்லை. இரும்பு வெள்ளி மாதிரி பளபளத்தது. ஸ்பேனரின் முனை பட்ட வடிவம்.

அந்தத் துண்டையும் கருகிய ஒட்டையும் எடுத்துக்கொண்டுபோய்ப் போலீஸில் புகார் கொடுத்தேன். கம்பெனி பழைய காகிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறு ஒன்று எழுதியது. விபத்தின்போது பின்விளக்குகள் அணைந்து போயிருக்கலாம் என்று. எலெக்ட்ரீஷியனின் கவனக்குறைவு என்ற வரி அதில் இல்லை. அதை என் மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். அழுதார்.

அந்தப் புதுக் காகிதத்தின் மூன்றாம் பக்கத்தை மட்டும் நான் அவருக்கு வாசிக்கவில்லை. அறுத்த இரும்பைப் பற்றி கம்பெனி ஆளே வந்து அளந்து பார்த்து எழுதியது. ‘மூடிய சட்டத்தின் உட்புறத்திலிருந்து அடிபட்ட தடங்கள். காரணம் தெரியவில்லை.’

அந்தக் கம்பெனி எழுதியதிலேயே பொய் இல்லாத வரி அது ஒன்றுதான்.